லயத்தைக் கதவு கதவாக எழுதி வைக்கும் முறை

மலேசியாவில் ரப்பர் அல்லது செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் ஐம்பது வருடம் இருந்த பாட்டியிடம் போய், "அந்தக் காலத்து வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால், "ரொம்பக் கஷ்டம்யா, ஆனா ஒத்துமையா இருந்தோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே பாட்டியிடம், "உங்க வாசல்ல நின்னா சோத்துக்கைப் பக்கத்துக் கதவு யாரோடது?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும். அந்தப் பெயரைத் தொடர்ந்து அவர் எந்த ஊர்க்காரர், ஸ்டோரில் (ரப்பர் பால் பதப்படுத்தும் இடத்தில்) வேலையா வெளிக்காட்டில் வேலையா, எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை இவர் வீட்டுத் திண்ணையிலேயே தூங்கிவிடும், சாக்கடைத் தண்ணீரை மறித்ததற்காக இரண்டு வீடும் எத்தனை மாதம் பேசாமல் இருந்தன என்பதெல்லாம் தானாக வரும். அதனால் கேள்விப் பட்டியலைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் லயத்தை, அதாவது தொழிலாளர் குடும்பங்கள் கதவுக்கு ஒரு வீடாகக் குடியிருந்த வரிசை வீட்டை, வரையுங்கள்.

லயம் இன்னும் நிற்கிறதா, இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்களா, தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டதா என்பது பெரிய தடை இல்லை. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் பக்கத்து டவுனில், மலிவு விலை வீடுகளிலும் அடுக்குமாடியிலும் சிதறி இருக்கிறார்கள். ஆள் இருக்கும்வரை லயத்தைத் தாளில் கட்டிவிடலாம்.

எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்

இதில்தான் முதல் பிழை நடக்கும். கம்பெனி பலகையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வாயில் வழங்கும் பெயர் இன்னொன்று. கம்பெனி கைமாறும்போது பலகை மாறும். பாட்டி மாற்றிக்கொள்ள மாட்டார். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் பலவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். அப்போது ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிஷன்கள் (பிரிவுகள்) இரண்டு பெயரில் ஆகியிருக்கலாம். (அந்தத் துண்டாடலுக்கு மறுமொழியாகத்தான் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.) ஆகவே ஒவ்வொருவரிடமும் மூன்று பெயரையும் கேட்டு எழுதுங்கள்: நாம் சொன்ன பெயர், வெள்ளைக்காரத் துரை காலத்துப் பெயர், கடைசியாகப் பலகையில் இருந்த பெயர்.

டவுன் பெயரும் அப்படியே. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. பிறப்புப் பத்திரத்தில் பழைய பெயர் இருந்தால் வேறு ஊர் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். இதற்கு நேர்மாறாக, தமிழ்ப் பெயரே கம்பெனி பெயராக நிலைத்த இடமும் உண்டு: மலாயாவில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை பயிரான தோட்டம், 1917இல், கோல சிலாங்கூர் பக்கத்துத் தென்னமரம் தோட்டம்தான்.

தூரம் சொல்லும்போது "ஏழாங்கட்டை" என்றால் ஏழாவது மைல் கல். கிலோமீட்டர் என்று எண்ணித் தேடினால் பாதி வழியிலேயே நின்றுவிடுவீர்கள். 7 கட்டை 11 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். பழைய நில வரைபடங்கள் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில், அதாவது 1:63,360இல், அச்சானவை. அப்படி ஒரு தாள் கிடைத்தால் கட்டைக் கணக்கை நேராக அளவுகோலால் அளக்கலாம். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

இடித்த லயத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க மரங்களைப் பாருங்கள். செம்பனைக்கு நடுவில் வரிசை தப்பி ஒரு மாமரம், பலா, இரண்டு தென்னை, அடியில் கறிவேப்பிலைக் கன்றுகள் என்று தெரிந்தால் அது யாரோ ஒருவருடைய குசினிப் பின்புறம். சிமெண்ட் லோங்காங்கின் (சாக்கடையின்) துண்டு, குழாயடி மேடை, தனியாக நிற்கும் முனீஸ்வரர் கல் ஆகியவையும் அடையாளம். அந்த இடத்தில் நின்று கைப்பேசியில் ஜி.பி.எஸ். எண்ணைப் பதியுங்கள், புள்ளிக்குப் பின் 5 இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை சரியாக எழுத முடியும், ஆனால் மர நிழலில் கைப்பேசியே பல மீட்டர் தவறும். அதனால் மூன்று முறை பதிந்து ஒப்பிடுங்கள். தோட்டத்துக்குள் நுழையும் முன் ஆபீசில் அனுமதி வாங்குவது கட்டாயம். பூட்ஸ் போடுங்கள், தனியாகப் போகாதீர்கள், குலை வெட்டுகிற நிரைக்கு அருகில் நிற்கவே வேண்டாம்.

தாள்

பள்ளிக்கூடங்களில் பயன்படுத்தும் மாஜோங் பேப்பர் என்ற பெரிய வெள்ளைத் தாள்தான் இதற்கு ஏற்றது. இரண்டு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு கதவுக்கு 5 சென்டிமீட்டர் என்றால் பத்துக் கதவு லயம் 50 சென்டிமீட்டரில் அடங்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாக இருந்தால் இரண்டு வரிசையையும் வரையுங்கள். பின்சுவர் வழியாகப் பேசிக்கொண்ட பெண்கள்தான் பல கதைகளின் மூலம்.

ஒவ்வொரு கட்டத்தையும் குறுக்காக மூன்று நான்கு பட்டைகளாகப் பிரியுங்கள். கீழ்ப்பட்டையில் முதலில் இருந்த குடும்பம், அதற்கு மேலே அடுத்து வந்தவர்கள். ஒரே கதவில் முப்பது வருடத்தில் நான்கு குடும்பம் மாறியிருக்கும். ஒரு பெயர் மட்டும் எழுதினால் இரண்டாவது ஆள் வந்து "அது தப்பு" என்பார், மூன்றாவது ஆள் இருவரும் தப்பு என்பார். மூவரும் சரியாகவே சொல்லியிருப்பார்கள், வேறு வேறு வருடத்தைச் சொல்லியிருப்பார்கள்.

வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சொல்பவர் தம் வாசலில் நின்று பார்க்கிறபடி தாளைத் திருப்பி வையுங்கள். வட திசை அம்புக்குறியைப் பிறகு சேர்க்கலாம். ஆனால் எண்ணும் முனையை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்: சிலருக்கு "முதல் வீடு" ரோட்டுப் பக்கம், சிலருக்குக் குழாய்ப் பக்கம். தாளின் ஓரத்தில் "கோயில் பக்கத்திலிருந்து 1" என்று பெரிதாக எழுதிவிட்டு, மூன்றாம் லயத்து ஏழாம் கதவை 3-7 என்று குறியுங்கள். பிறகு ஒலிப்பதிவு, படம், காகிதம் எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் பெயர்.

வீடுகளோடு பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக்கொட்டகை (குழந்தைகளை விட்டுப் போகும் இடம்), ஸ்டோர், கிராணி (கணக்கர்) வீடு, துரை பங்களாவுக்கு ஏறும் பாதை, கள்ளுக்கடை, பள்ளி, மாட்டுக்கொட்டகை, கக்கூஸ் வரிசை, துணி காயப்போட்ட கம்பி, ஆற்றில் இறங்கும் இடம் எல்லாம் வேண்டும். பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

உட்கார்ந்து கேட்பது

ஆள் தேட, டவுன் மாரியம்மன் கோயில், காலைப் பாசார், பழைய மளிகைக் கடை, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆகிய நால்வழி போதும். ஒருவர் கிடைத்தால் அவரே அடுத்த மூவரைக் காட்டுவார்.

வெறுங்கையோடு போகாதீர்கள், வெற்றிலை பாக்கோ பழமோ பிஸ்கட்டோ போதும். காலை 9 மணிக்கு மேல் போவது நல்லது. பிற்பகல் மழை தகரக் கூரையில் இறங்கினால் பதிவில் வேறெதுவும் கேட்காது. ஒருவரைத் தனியாகக் கேட்டால் நன்று. பழைய அண்டை வீட்டார் இருவரைச் சேர்த்து உட்காரவைத்தால் இன்னும் நன்று, ஏனென்றால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். நான்கு பேருக்கு மேல் போனால் குரல் பெரியவர் சொல்வதே நினைவாகிவிடும். மருமகள் குறுக்கே நடந்துகொண்டிருக்கும் வீட்டில் மாமியார் தம் இளமைக் காலத்தைச் சொல்ல மாட்டார். இடத்தைத் திண்ணைக்கோ கோயில் மண்டபத்துக்கோ மாற்றுங்கள்.

தாளை விரித்து, அவருடைய கதவில் அவர் விரலையே வைக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், எதிர்லயம் என்று கதவு கதவாகப் போங்கள். பெயர் கேட்கும்போது பட்டப்பெயரையும் கேட்க வேண்டும். ஒரே லயத்தில் மூன்று முனியம்மா இருப்பார்கள். "மாட்டுக்கார வீட்டு முனியம்மா" என்றால்தான் ஆள் பிடிபடும். கிராணி எழுதியபடி பெயர் போனதால் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு அட்டையில் வெவ்வேறு எழுத்து இருப்பதும் சாதாரணம். பட்டப்பெயரில் ஊனத்தையோ நிறத்தையோ வைத்துக் கூப்பிட்டிருந்தால் உங்கள் குறிப்பில் மட்டும் இருக்கட்டும்.

கதவுகள் முடிந்ததும் அடுத்த சுற்றுக் கேள்வி வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நகர்ந்த பொருளைப் பற்றியது. இங்கே அவசரப்படாதீர்கள், அண்டை வாழ்க்கை முழுவதும் இதில்தான் இருக்கிறது. அரிசி தீர்ந்தால் எந்தக் கதவைத் தட்டினீர்கள்? எந்தக் கிண்ணத்தில் வாங்கினீர்கள், திருப்பும்போது தலைதட்டியா கோபுரமாகவா? அம்மி யார் வீட்டில் இருந்தது, உரல் யார் வீட்டில்? தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பாத வீடு இருந்ததா, ஏன்? குழாயடியில் வரிசை எப்படி, குடம் வைத்துவிட்டுப் போகலாமா? காலையில் பால் மரம் வெட்டப் போகும்போது ஆயாக்கொட்டகைக்கு அழுத பிள்ளையை யார் தூக்கிப் போனார்கள்? வலி கண்ட இரவில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸரைக் கூப்பிட ஓடியது யார்? இழவு வீட்டுக்கு முதல் நாள் சோறு எந்த வீட்டிலிருந்து போனது?

"அவங்க நல்லவங்க" என்ற பதிலோடு நகராதீர்கள். "என்ன செஞ்சாங்க பாட்டி?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். "நிறைய", "ரொம்ப" வரும் இடத்தில் எண்ணிக்கை கேளுங்கள்: எத்தனை மரம், எத்தனை வாளி, குழாயடிக்கு எத்தனை வீடு தாண்ட வேண்டும். பழைய அளவைகள் வந்தால் அப்படியே எழுதிப் பக்கத்தில் கணக்குப் போடுங்கள்: ஒரு காத்தி சுமார் 605 கிராம், நூறு காத்தி ஒரு பிக்குல், ஒரு கந்தாங் சுமார் நாலரை லிட்டர்.

மழை நாளை மறக்காமல் கேளுங்கள். விடியலில் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. மழைத்தண்ணீர் பாலை வெட்டுக்கோட்டை விட்டு வழியவைத்து மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழாமல் அடித்துக்கொண்டு போகும். அன்றைக்கு லயம் முழுவதும் வீட்டில் இருக்கும். தாயம், பேன் பார்ப்பது, கிழங்கு அவிப்பது, சண்டை எல்லாம் அன்றைக்குத்தான். அதேபோல் வருடத் தொடக்கத்தில் இலை கொட்டும் மாதங்கள். பால் குறையும், சம்பளம் குறையும், கடைக்கடன் ஏறும். யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார்கள் என்பதை அந்த மாதங்களை வைத்துக் கேட்டால்தான் நினைவு வரும்.

வருடம் பிடிப்பது

வருடத்தை நேராகக் கேட்டால் தவறாகவே வரும். "மூத்தவன் அப்ப ஒண்ணாம் வகுப்பா?" என்று கேட்டு, பிள்ளையின் பிறந்த ஆண்டோடு ஏழு கூட்டுவது நல்ல வழி. அதோடு சில ஆணிகளை அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் காலம், மரவள்ளிக்கிழங்கு, வாழைமர நோட்டு, சயாம் ரயில் (ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை) என்று வந்தால் 1941 டிசம்பருக்கும் 1945க்கும் நடுவில். முள்வேலி, ஊரடங்கு, சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகத் தடை என்றால் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து அறிவித்த, 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலம். சிதறிக் கிடந்த லயங்களை ஒரே வேலிக்குள் கொண்டுவந்ததும் அப்போதுதான், ஆகவே "நாங்க இந்த லயத்துக்கு மாறி வந்தோம்" என்பவரிடம் வேலி இருந்ததா என்று கேளுங்கள். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்து பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். உங்கள் தாளில் பல கதவுகள் ஒரே சமயத்தில் பெயர் மாறியிருந்தால் அதுவா என்று பாருங்கள்.

செம்பனைத் தோட்டமாக இருந்தால் இன்னொரு நல்ல ஆணி: பெண்கள் பூவுக்கு மகரந்தத் தூள் அடித்த வேலை. 1981இல் அதற்கென்று ஆப்பிரிக்க வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலை இல்லாமல் போனது. தூள் அடித்ததாகச் சொல்பவர் அதற்கு முந்திய காலத்தைச் சொல்கிறார்.

டிவியை நம்பாதீர்கள். மலேசியாவில் டிவி 1963 டிசம்பரில் தொடங்கியது, ஆனால் லயத்துக்குக் கரண்டு வந்தது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். எந்த வீட்டில் முதல் டிவி, எத்தனை பேர் தரையில் உட்கார்ந்தார்கள் என்பது அருமையான கேள்வி. வருடத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். 1975இல் "அஞ்சரைக்குப் பெரட்டு" என்றால் இன்றைய கணக்கில் ஆறு மணி. விடிந்துவிட்டதா இருட்டா, தலைவிளக்கு தேவைப்பட்டதா என்று ஒருவருக்கொருவர் முரண்பட்டால் காரணம் இந்த அரை மணியாக இருக்கலாம். சொன்ன நேரத்தையே எழுதி, "பழைய நேரம்" என்று குறியிடுங்கள்.

மொய் நோட்டும் பித்தளைக் குடமும்

பேச்சுக்குச் சமமான சாட்சி பெட்டிக்குள் இருக்கிறது, பலர் அதைக் கேட்பதே இல்லை. கல்யாண மொய் நோட்டு ஒரு லயத்தின் முழுப் பெயர்ப் பட்டியல்: யார் வந்தார், எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எந்த டிவிஷன். இரண்டு வீட்டு மொய் நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இவர் செய்த மொய் எத்தனை வருடம் கழித்து எவ்வளவாகத் திரும்பியது என்று தெரியும். பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களைக் கவிழ்த்து விளிம்பைப் பாருங்கள். கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமும் போய்விடும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும். அப்படியே படம் எடுங்கள்.

மளிகைக் கடையின் 555 நோட்டு (கடன் எழுதும் சிறு நோட்டு), சங்கச் சந்தா அட்டை (தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இல் உருவானது), இ.பி.எப். (தொழிலாளர் சேமநிதி) அறிக்கை ஆகியவையும் வருடத்தைச் சரிபார்க்க உதவும். இ.பி.எப். 1951இல் தொடங்கியதால், சந்தா கட்டிய கம்பெனியின் பெயரும் ஆண்டும் அதில் கிடைக்கலாம். காகிதத்தை வாங்கிக்கொண்டு போகவே வேண்டாம். அங்கேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். அட்டை எண், கணக்கு எண் வரும் இடத்தைப் படத்தில் மறைத்துவிடுங்கள்.

பழைய புகைப்படம் பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல், கண்ணாடித்தாளைத் தூக்கிப் பிடித்து எடுங்கள். தனியாக வரும் படமென்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யலாம். பின்புறம் பெயர் எழுத 2பி பென்சில், மெல்லிய அழுத்தம். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் புடைத்துவிடும்.

பதிவும் எழுத்தும்

கைப்பேசி போதும். ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தம்ளர் வைக்கும் சத்தம் இடியாக விழும். காத்தாடியை (மின்விசிறியை) நிறுத்த முடியாவிட்டால் கைப்பேசிக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அரை நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். முதல் வார்த்தையாகத் தேதி, இடம், தோட்டம், கதவு எண் எல்லாவற்றையும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரல் இருக்கும். சுருக்காத மோனோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 320 எம்பி அளவு வரும். மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறு வீட்டில்.

எழுதும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். பெரட்டு, காண்டா, ஒட்டுப்பால், லோங்காங், மண்டோர் எல்லாம் அப்படியே இருக்கட்டும், கடைசியில் சொற்பட்டியல் போடலாம். ஒரு மணி நேரப் பேச்சை எழுதிமுடிக்க ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். அதனால் ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் அதற்கு மேல் களைப்பு.

எழுதி வைத்து, வெளியே கொடுக்கக் கூடாதவை உண்டு. குடி, கடன், சாதிப் பெயர், தற்கொலை, ஓடிப்போன கல்யாணம் எல்லாம் அண்டை வீட்டார் வாயிலிருந்துதான் வரும், ஆனால் அது அந்த வீட்டாருடைய கதை. அவர்கள் பிள்ளைகளிடம் கேட்காமல் கதவு எண்ணோடு சேர்த்து வெளியிட்டால், டவுனில் இன்றும் முகம் பார்த்து வாழ்கிறவர்களுக்கு நடுவில் பகை மூட்டியதாக ஆகும். சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பாதவரைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தால் பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். தொடரலாமா என்று அவரே சொல்லட்டும்.

மூன்று நான்கு பேர் சொன்னதும் தாளில் ஏறியவுடன், கோயில் திருவிழா நாளில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில், பெரியவர்கள் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் அதை ஒட்டுங்கள். நாற்காலி இரண்டு போடுங்கள். இரண்டு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அழிப்பான் மட்டும் வைக்காதீர்கள்: மாற்றுக் கருத்து உள்ளவர் முந்தியதை அழிக்காமல் பக்கத்தில் எழுதி, தம் கதவு எண்ணையும் போடட்டும். ஒவ்வொரு மணி நேரமும் தாளைப் படம் எடுங்கள். கட்டத்தில் பெயர் எழுதாமல் வெறுமனே விரல் வைத்து நின்றுவிட்டுப் போகிறவர்களைக் கவனித்து, எந்தக் கதவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் முதலில் போக வேண்டிய வீடு அவர்களுடையது.